தத்தெடுக்கிற பிள்ளைக்குப் பால் சுரக்கப் பண்ணேக்க தேத்தண்ணி குடிக்கலாமோ?

மாங்குளம்:
பிள்ளை கைக்கு வாறதுக்கு முன்னமே பால் சுரக்கப் பண்ணுறதுக்கு வைத்தியரின்ர மேற்பார்வையில மருந்து எடுக்கிறன். ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டரோனும் சேர்ந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை இன்னும் ஓடுது. அதோட பால் சுரப்பைத் தூண்டுற மருந்து டொம்பெரிடோன் 10 மி.கி., நாளைக்கு மூண்டு தரம். குளிசையை நிப்பாட்டினதும் பம்ப் பண்ணத் தொடங்கச் சொல்லியிருக்கினம். தேத்தண்ணி நாளைக்கு அஞ்சு கப், சாயம் கடுமை. தேத்தண்ணி பாலை வத்தப் பண்ணும் எண்டு ஒரு பக்கம், பால்தேத்தண்ணி குடிச்சாத்தான் பால் ஊறும் எண்டு இன்னொரு பக்கம். எவ்வளவு குடிக்கலாம், எப்ப குடிக்கலாம், பிள்ளை வந்தாப்பிறகு மாத்த வேணுமோ? கணக்குத் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

நெடுங்கேணி:
ரெண்டு பக்கமும் பிழை. தேத்தண்ணியில கிடக்கிற கஃபீன் அளவோட எடுத்தால் பாலைக் குறைக்கும் எண்டதுக்கு ஆதாரம் இல்லை, கூட்டும் எண்டதுக்கும் இல்லை. பால் கூடுறது மார்பு எத்தினை தரம் வெறுமையாகுது எண்டதிலதான். அதை முதல் சொல்லிப்போட்டுக் கணக்குக்கு வாறன்.

பாலூட்டுற தாய்க்கு நாளைக்கு 200 மி.கி. கஃபீன் பிரச்சினையில்லை எண்டது ஐரோப்பியக் கணக்கு. அமெரிக்காவில 300 வரை விடுகினம். கடுஞ்சாயத் தேத்தண்ணி ஒரு கப்பில 40 முதல் 60 மி.கி. வரும். எண்டால் உங்கட அஞ்சு கப் 200க்கும் 300க்கும் இடையில நிக்குது. இன்ஸ்டன்ட் கோப்பி ஒரு தேக்கரண்டி கிட்டத்தட்ட 60. எனர்ஜி ட்ரிங்க் 250 மி.லீ. ரின் ஒண்டு 80. ஒருத்தரும் எண்ணாதது தலையிடிக் குளிசை: பனடோல் எக்ஸ்ட்ரா ஒண்டில 65 மி.கி. கஃபீன் கிடக்கு, ரெண்டு போட்டால் 130. சாதாரண பனடோலில இல்லை.

இப்ப உங்கட விசயத்தில முக்கியமானது. ஈஸ்ட்ரஜன் உள்ள குளிசை எடுக்கேக்க ஈரல் கஃபீனை மெதுவாகத்தான் கழிக்கும். சாதாரணமா அஞ்சு மணித்தியாலத்தில பாதியாகிறது ஏறக்குறைய ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும். பின்னேரம் நாலு மணிக்குக் குடிச்சது நடுச்சாமத்திலயும் பாதிக்கு மேல உடம்பில இருக்கும். ஆகவே குளிசை ஓடுற வரைக்கும் மூண்டு கப், கடைசி கப் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம். குளிசையை விட்டாப்பிறகு இது மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வரும்.

பம்ப் தொடங்கினால் 24 மணித்தியாலத்தில எட்டுத் தரம், ஒவ்வொரு மார்பும் 10 - 15 நிமிசம். அதில ஒண்டாவது இரவு ஒரு மணிக்கும் விடிய அஞ்சு மணிக்கும் இடையில இருக்க வேணும், பால் சுரக்கப் பண்ணுற ஹோர்மோன் புரோலாக்டின் அந்த நேரத்திலதான் உச்சம். அந்த நேரத்துக்கு எழும்புறதுக்கு எண்டு இரவில தேத்தண்ணி குடிச்சால், பிறகு நித்திரை வராது, அடுத்த நாள் ரெண்டு தரம் பம்ப் தவறும். பால் குறையிறது அங்கதான். பழி மட்டும் தேத்தண்ணியின்ர தலையில விழும். பம்பின்ர புனல் முலைக்காம்புக்கு அளவில்லாட்டிலும் நோகும், பால் வராது: காம்பு தாராளமா அசையோணும், சுத்தியிருக்கிற கறுப்புப் பகுதி உள்ள இழுபடக் கூடாது. கரண்ட் நிண்டால் கையால எடுங்கோ. பெருவிரலும் சுட்டுவிரலும் காம்பிலயிருந்து 2 - 3 செ.மீ. தள்ளி வைச்சு, முதல் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு ரெண்டு விரலையும் சேர்த்து அமத்தி விடுறது. தோலில வழுக்கித் தேய்க்கிறது பிழை.

முதல் துளி வர வாரக்கணக்காகலாம். முழுப் பாலும் வரும் எண்டு ஒருத்தரும் உறுதி தரேலாது. பலருக்குக் கொஞ்சம்தான் வரும்.

முள்ளியவளை:
மருந்துப் பக்கம் மட்டும் சொல்கிறேன். கஃபீனும் டொம்பெரிடோனும் ஈரலில் வெவ்வேறு வழியில் கழிபவை, ஒன்று மற்றதைக் கூட்டாது. சிக்கல் வேறு: டொம்பெரிடோன் அரிதாக இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பும். கூடுதலாகத் தேநீர் குடித்தாலும் நெஞ்சு படபடக்கும். இரண்டும் சேர்ந்தால் எது எதனால் என்று பிரிக்க முடியாது. படபடப்போ மயக்கமோ வந்தால் ‘தேத்தண்ணி கூடிப்போச்சு’ என்று விட்டுவிடாமல் அன்றே ஈ.சி.ஜி. எடுங்கள். தொடங்க முன்னரே ஒன்று எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடலாம்.

பால் சுரப்புக்கான பழைய முறைகளில் 20 மி.கி. நான்கு தரம், அதாவது நாளுக்கு 80 மி.கி. என்று எழுதியிருக்கும். 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை வைத்த மேல்வரம்பு நாளுக்கு 30 மி.கி. பார்மசியில் கேட்டு வாங்கித் தானாகக் கூட்ட வேண்டாம். அன்டிபயோட்டிக்குகளான எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சை மருந்தான ஃப்ளூகொனசோல் மூன்றும் இதனுடன் சேரக்கூடாதவை. கடைசியாகச் சொன்னது முலைக்காம்புப் பூஞ்சைக்குக் கொடுக்கிற மருந்து, அதனால் பாலூட்டும் பெண்ணுக்கு எழுதுகிற சந்தர்ப்பம் அதிகம். கிளினிக்கில் எந்த மருந்து எழுதினாலும் டொம்பெரிடோன் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். நிறுத்தும்போதும் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குளிசைக்கும் ஒரு எச்சரிக்கை. பிரஷர் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் வெட்டுவது போலத் தொடங்கும் ஒற்றைத் தலையிடி உள்ளவர்கள், காலில் இரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்கள் ஈஸ்ட்ரஜன் எடுக்கக்கூடாது.

அக்கராயன்:
நெடுங்கேணிக்காரர் சொன்னதில பிள்ளையின்ர வயசு விடுபட்டுப் போச்சு, இதில அதுதான் பெரிசு. தாய் குடிச்ச கஃபீனில ஒண்டரை வீதத்துக்கு மேல பாலுக்குப் போகாது, குடிச்சு ஒரு மணித்தியாலத்தில பாலில உச்சமா இருக்கும். ஆனா பிறந்த பிள்ளைக்கு அது பாதியாகவே மூண்டு நாலு நாள் வேணும், மாசம் குறைஞ்ச பிள்ளைக்கு இன்னும் கூட. அதால நேற்றையது, முந்தநாளையது எல்லாம் சேரும். ஆறு மாசமளவில பெரியாக்களைப் போலக் கழிக்கத் தொடங்கும். ஆகவே பச்சைப் பிள்ளை வந்தால் ரெண்டு கப்போட நில்லுங்கோ, பால் குடுத்து முடிஞ்ச கையோட குடியுங்கோ. ஏழெட்டு மாசப் பிள்ளையெண்டால் மூண்டு நாலு கப் பரவாயில்லை. பிள்ளை நித்திரையில்லாமல் கைகால் உதறி அந்தரப்பட்டால் ஒரு கிழமை நிப்பாட்டிப் பாருங்கோ, ஒரு நாள் நிப்பாட்டிப் பாத்துச் சரிவராது. டொக்டரிட்டயும் காட்டுங்கோ, எல்லாம் தேத்தண்ணி எண்டு இருக்கப்படாது.

இரும்புச்சத்துக் குளிசை எடுத்தால் தேத்தண்ணிக்கும் அதுக்கும் ரெண்டு மணித்தியால இடைவெளி விடுங்கோ.

பால் போதுமோ எண்டதை அழுகையில பாக்காதேங்கோ. நாளைக்கு ஆறு தரமாவது மூத்திரம், முதல் மூண்டு மாசத்தில நாளைக்கு 20 - 30 கிராம் நிறை. குடும்பநல மாதுவிட்ட நிறுத்துப் பதியுங்கோ. குறை நிரப்ப பால்மா குடுக்கேக்க போத்திலுக்குப் பதிலா பிள்ளையளுக்குப் பால் ஏத்துற மெல்லிய 5 இலக்க ரியூப்பை மார்பில பிளாஸ்ரரால ஒட்டி, நுனியைக் காம்பு மட்டத்தில வைச்சு, மற்ற நுனியைக் கோப்பைக்குள்ள விடலாம். பிள்ளை உறிஞ்சிறதால மார்புக்கும் தூண்டல் கிடைக்கும். கோப்பையை உயர்த்தினால் வேகமா ஓடிப் புரைக்கேறும், பிள்ளையின்ர வாய் மட்டத்துக்கு மேல போகவிடாதேங்கோ. எங்கட பக்கத்து உவர்க் கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சாலும் உப்புப் போகாது, பால்மாவுக்கு நல்ல தண்ணி தேடுங்கோ.

மாங்குளம்:
நன்றி. பின்னேரத் தேத்தண்ணிக்குப் பதிலா மல்லிக் கோப்பி குடிச்சால்?

நெடுங்கேணி:
மல்லியும் வேர்க்கொம்பும் மட்டும் அவிச்சதெண்டால் கஃபீன் இல்லை, குடியுங்கோ. ஆனா கடையில விக்கிற தூளில கோப்பிக்கொட்டையும் சேர்த்துத்தான் கனபேர் அரைக்கினம். எவ்வளவு பங்கு எண்டு கேட்டு வாங்குங்கோ, இல்லாட்டி மல்லியை வீட்டில வறுத்து இடியுங்கோ.