அலுமினிய டியூப் ஃபிளேர் செய்தால் வாய் கிழிகிறது, உதவுங்க

பல்லடம்_பறவை:
வணக்கமுங்க. மூணு நூல் (3/8 இன்ச்) அலுமினிய டியூப். ஃபிட்டிங்கில் உட்கார முனையைப் புனல் மாதிரி விரிக்கிறேன், அதாவது ஃபிளேர். நாலு ஃபிளேர் செய்தால் மூன்று வாய் கிழிந்துவிடுகிறது. வளைக்கிற இடத்திலும் சப்பையாகப் போகிறது. ஏற்கெனவே இரண்டு மீட்டர் வீண். ஞாயிற்றுக்கிழமைக்குள் லைன் முடிக்க வேண்டும். எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்க.

பொள்ளாச்சி_ஜீப்:
எதுக்குங்க டியூப்? ஏசியா, பிரேக்கா? சுவர் கனம் எவ்வளவு? டூல் எது? கிழிந்த முனையை ஒரு போட்டோ போடுங்க.

ஈரோடு_குளிர்ச்சி:
டூல் எல்லாம் அப்புறம். டியூப் இறுகிப் போயிருக்கும், அதுதான் காரணம். 18 வருஷமாக ஏசி வேலை பார்க்கிறேன். செம்பு டியூப் கிழிந்தால் முனையைச் சிவக்கச் சூடு காட்டி ஆறவிடுவேன், அப்புறம் வெண்ணெய் மாதிரி விரியும். அலுமினியத்துக்கும் அதே வைத்தியம்தான்.

பல்லடம்_பறவை:
பெட்ரோல் லைனுங்க. இரண்டு பேர் உட்காரும் விமானம் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன், எங்கள் பழைய கோழி ஷெட்டில். இறக்கை டேங்கில் இருந்து இன்ஜினுக்கு வருகிற லைன்.

பீளமேடு_லேத்:
தம்பி, விமானம் என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஏசியில் ஃபிளேர் கசிந்தால் கேஸ் போகும், இதில் கசிந்தால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும். அடிப்படையைப் படிக்காமல் டியூப்பில் கை வைப்பவர்களை இந்தக் குழுவில் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஈரோட்டுக்காரர் சொன்ன சூட்டைத் தயவுசெய்து காட்டாதீர்கள். அலுமினியம் செம்பு மாதிரி சிவந்து காட்டாது. 660 டிகிரிக்குள் உருகிவிடும், அதுவரை நிறம் மாறாமல் இருந்து சட்டென்று தொங்கிப்போகும். எவ்வளவு சூடு ஏறியது என்று கண்ணால் தெரியாது.

மூன்று கேள்வி. டியூப்பின் அலாய் (உலோகக் கலவை) நம்பர் என்ன? ஃபிளேர் கோன், அதாவது வாயை விரிக்கும் கூம்பு, எத்தனை டிகிரி? எதை வைத்து வெட்டினீர்கள்?

ஈரோடு_குளிர்ச்சி:
நான் வேலை தெரியாமல் சொல்லவில்லை. செம்புக்குச் சரியாக வருவதைச் சொன்னேன். சரி, விமானத்துக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் கேட்டவரே பதில் சொல்லாமல் இருக்கும்போது எனக்கு எதற்குப் பாடம்?

அனுப்பர்பாளையத்தான்:
எங்களுடையது பாத்திரப் பட்டறைங்க. விமானம் தெரியாது, தகடு தெரியும். சொம்புக்கு வாய் விரிக்கும்போது கிழிசல் எப்போதும் விளிம்பில் இருக்கிற ஒரு சின்னப் பிசிறில் இருந்துதான் கிளம்பும். டியூப்பை வெட்டியதும் கட்டை விரல் நகத்தை உள் விளிம்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்க. நகம் எங்காவது தட்டினால் அந்த இடத்தில்தான் கிழியும். உள்ளேயும் வெளியேயும் பிசிறை எடுத்துவிட்டு, நைஸ் எமரி தாளால் நீளவாக்கில் தேயுங்க, சுற்றுவாக்கில் வேண்டாம். சுற்றுவாக்கில் விழுகிற ஒவ்வொரு கோடும் ஒரு வெட்டு. விரிக்கும் முன் கோனில் ஒரு சொட்டு எண்ணெய்.

நொய்யல்கரை:
எல்லோரும் குழாயையே பார்க்கிறீர்கள். உள்ளே என்ன ஓடப்போகிறது? இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது E20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், தண்ணீர் தேங்கினால் அலுமினியத்தைத் தின்னும். லைனை விட அதுதான் முதல் கவலை.

பொள்ளாச்சி_ஜீப்:
என் ஜீப்பில் இரண்டு வருஷமாக அதே பெட்ரோல்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே.

நொய்யல்கரை:
ஜீப் நின்றால் ரோட்டோரம் தள்ளிவிடலாம். மேலே நின்றால் எங்கே தள்ளுவது? உங்கள் விமான இன்ஜின் ரோட்டாக்ஸ் 912 என்றால் E10 (பத்து சதவீதம் எத்தனால்) வரைக்கும்தான் அனுமதி, இன்ஜின் மேனுவலிலேயே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் நூறு மில்லி அளவுக் குடுவையில் பத்து மில்லி தண்ணீர், தொண்ணூறு மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கும். பத்தில் நின்ற கோடு இருபத்தைந்தைத் தாண்டினால் அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

பொள்ளாச்சி_ஜீப்:
அப்படியானால் விமான நிலையத்தில் அவ்காஸ் (விமானப் பெட்ரோல்) வாங்கச் சொல்கிறீர்களா? அதில் ஈயம் இருக்கிறது. 912-க்கு ஈயமில்லாத பெட்ரோல்தான் நல்லது, அவ்காஸ் போட்டால் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
ஆயிலை மாற்றிவிடலாம். அரித்த டேங்கை மாற்ற இறக்கையைப் பிரிக்க வேண்டும்.

பல்லடம்_பறவை:
மன்னிக்கணுங்க, தீவனம் இறக்கப் போய்விட்டேன். டியூப் பழைய சாமான் கடையில் எடுத்தது, ஆறு அடி நேர் நீளம், நம்பர் எதுவும் இல்லை. சுவர் 0.9 மி.மீ. வெட்டியது ஹாக்ஸா பிளேடில். ஃபிளேர் டூல் பக்கத்து ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் இரவல் வாங்கியது. கோன் டிகிரி தெரியவில்லை. வளைத்தது முழங்காலில் வைத்து.

பீளமேடு_லேத்:
இப்போதுதான் நோய் தெரிகிறது. ஃபிரிட்ஜ் டூல் 45 டிகிரி. விமான ஃபிட்டிங் 37 டிகிரி. கிழியாமல் வந்த அந்த ஒரு ஃபிளேரும் கூம்பின் மேல் முழுதாக உட்காராது, ஒரு கோட்டில்தான் தொடும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் நாளைக்குக் கசியும். அதனால் கிழிந்த மூன்றை விட, கிழியாத ஒன்றைத்தான் முதலில் தூக்கிப் போடுங்கள்.

இரண்டாவது, டியூப். விறைப்பாக நேர் நீளத்தில் வந்தது 6061-T6 என்ற கடினமான அலாய் ஆக இருக்கலாம். பெட்ரோல் லைனுக்கு மிருதுவான 5052-O வாங்குங்கள், 3/8 இன்ச், சுவர் 0.035 இன்ச். அந்த அளவில் அது பெரும்பாலும் சுருளாகவே வரும், கையாலேயே நிமிர்த்தலாம். நம்பர் தெரியாத உலோகம் விமானத்தில் ஏறக் கூடாது, அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

டியூப் கட்டரை லேசாக இறுக்கி நிறையச் சுற்று சுற்றி வெட்டுங்கள். அழுத்தினால் விளிம்பு இறுகி, அதுவே கிழியும். பிசிறு விஷயத்தில் அனுப்பர்பாளையத்துக்காரர் சொன்னது முழுக்கச் சரி. நட்டையும் ஸ்லீவையும் (நட்டுக்குள் ஃபிளேரைத் தாங்கும் வளையம்) முதலில் மாட்டிவிட்டு அப்புறம் விரியுங்கள். விரித்ததை லென்ஸ் வைத்துப் பாருங்கள், மயிரிழைக் கோடு தெரிந்தாலும் வெட்டிப் போட வேண்டியதுதான்.

வளைக்க பெண்டர் (டியூப் வளைக்கும் டூல்) வேண்டும், முழங்கால் ஆகாது. ரேடியஸ் 15/16 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. வளைத்த இடத்தில் வெர்னியர் வையுங்கள், 7.1 மி.மீ.க்குக் கீழே சப்பினால் கழிவு. இரண்டு ஃபிட்டிங்குக்கு நடுவே நேர்கோடாக இழுக்காதீர்கள், ஒரு வளைவாவது இருக்கட்டும். அதிர்வையும் சூட்டில் நீள்வதையும் அந்த வளைவுதான் வாங்கிக்கொள்ளும். நட்டு டார்க் (இறுக்கும் முறுக்கு) 75 முதல் 125 இன்ச் பவுண்டு. மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அங்கே அடைப்பது மரை அல்ல, கூம்பு.

அனுப்பர்பாளையத்தான்:
வளைக்கும்போது உள்ளே மணல் நிரப்பினால் சப்பாதுங்களே? நாங்கள் பித்தளைக் குழாய்க்கு அப்படித்தான் செய்கிறோம்.

பீளமேடு_லேத்:
குத்துவிளக்குத் தண்டுக்குச் சரிங்க. இதில் ஒரு மணல் உள்ளே ஒட்டிக்கொண்டாலும் கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும். இந்த அளவு மிருதுவான டியூப்புக்கு பெண்டரே போதும்.

ஈரோடு_குளிர்ச்சி:
45, 37 வித்தியாசம் எனக்குத் தெரியாது. என்னிடம் இருக்கிற டூல் எல்லாம் 45தான். நல்ல வேளை கேட்டுக்கொண்டேன். தம்பி, அந்த மெக்கானிக்கிடம் டூலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பல்லடம்_பறவை:
37 டிகிரி டூலும் 5052 சுருளும் வந்துவிட்டதுங்க. 9 ஃபிளேர் செய்தேன், ஒன்றும் கிழியவில்லை. நகத்தில் இரண்டு முனை தட்டியது, திரும்பத் தேய்த்தேன். பழைய டியூப் முழுவதையும் எடைக்குப் போட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றிங்க.

பீளமேடு_லேத்:
லைன் மாட்டியதும் கசிவு சோதனை செய்தீர்களா? எந்த முறையில்?

நொய்யல்கரை:
பெட்ரோலையும் குலுக்கிப் பார்த்தீர்களா?

அனுப்பர்பாளையத்தான்:
தம்பி, ஒரு ஃபிளேரை மட்டும் கிட்டத்தில் போட்டோ எடுத்துப் போடுங்க. விளிம்பைப் பார்க்கணும்.