‘கிரீன் அலர்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: காணாமற்போன படைவீரர் பற்றிய பொது அறிவிப்பு

அன்புடையீர், வணக்கம்.

காணாமற்போன படைவீரரைக் கண்டறியப் பொதுமக்களின் உதவியைக் கோரும், அமெரிக்காவில் ‘கிரீன் அலர்ட்’ என்று வழங்கும் ஏற்பாட்டுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு வந்த மடலையும் அதற்கு வந்த மறுமொழிகளையும் படித்தேன். ‘பச்சை எச்சரிக்கை’, ‘முன்னாள் வீரர் விழிப்பூட்டல்’, ‘படைவீரர் தேடல் அறிவிப்பு’ ஆகிய மூன்றும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. சொல் பிழைத்தால் ஏற்கெனவே துன்பத்தில் இருக்கும் ஒரு மனிதரை ஊரார் தவறாகப் பார்ப்பார்கள் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2017 மார்ச் மாதம் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில், விமானப் படையில் சார்ஜண்டாக இருந்த கோரி ஆடம்ஸ் காணாமற்போனார். அவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் கோளாறு இருந்ததைக் குடும்பத்தார் காவல்துறையிடம் எடுத்துச் சொல்லியும், உடனடியாகத் தேடப்பட வேண்டியவர் என்ற வரையறைக்குள் அவர் வரவில்லை. குழந்தை காணாமற்போனால் ஒரு நடைமுறை இருந்தது. மறதிநோய் உள்ள முதியவருக்கும் அந்த மாநிலத்தில் 2014 முதல் ஒரு நடைமுறை இருந்தது. நடுவயதில், நடமாடும் வலுவோடு, உள்ளுக்குள் நொறுங்கியிருந்த ஒருவருக்கு எதுவும் இல்லை. மறுமாதம் நகரப் பூங்கா ஒன்றின் குளத்தில் அவருடைய உடல் கிடைத்தது. மாநிலச் செனட் உறுப்பினர் லடோன்யா ஜான்சன் முன்னின்று கொண்டுவந்த சட்டத்தில் 2018-இல் அப்போதைய ஆளுநர் ஸ்காட் வாக்கர் கையெழுத்திட்டார். கோரி ஆடம்ஸின் பெயரையே தாங்கிய அந்தத் தேடொளிச் சட்டத்தின் (Searchlight Act) வழியாகத்தான் கிரீன் அலர்ட் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் வரையறை நமக்கு இன்றியமையாதது. படையிலிருந்து விலகியவரோ, இப்போது பணியில் இருப்பவரோ, தேசியக் காவற்படையையோ சேமப் படையையோ சேர்ந்தவரோ, யாராக இருந்தாலும், தம் படைப்பணியோடு தொடர்புடைய உடல்நலக் குறைவோ மனநலக் குறைவோ உள்ளவர் என்று புகார் கொடுப்பவரின் கூற்றால் அறியப்பட்டால், அவர் இந்த ஏற்பாட்டின்கீழ் வருவார். காவல்துறை அவரைப் பற்றிய விவரங்களை வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கும் பிறருக்கும் உடனே அனுப்புகிறது. ஆகவே இது நோயாளிப் பட்டியலும் இல்லை, குற்றவாளி அறிவிப்பும் இல்லை. பொதுமக்களிடம் கேட்கப்படும் அவசர உதவி. அமெரிக்கப் படைவீரர் விவகாரத் துறையின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6,407 முன்னாள் படைவீரர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். நாளொன்றுக்கு 17 பேருக்கு மேல் என்ற அந்தக் கணக்கைப் பார்க்கும்போது, காணாமற்போன முதல் சில மணிநேரம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

இனி ‘பச்சை எச்சரிக்கை’. தமிழ்நாட்டில் மழைக்காலம் தொடங்கியதும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் நாள்தோறும் செய்தியில் வருகின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அந்த வரிசையில் பச்சைக்கும் இடம் உண்டு. எச்சரிக்கை எதுவும் இல்லை, அஞ்ச வேண்டாம் என்பதே அதன் பொருள். மஞ்சளையும் சிவப்பையும் கேட்டுப் பழகிய காதில் ‘பச்சை எச்சரிக்கை’ விழுந்தால், கேட்பவர் கவலையின்றித் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். உயிர் காக்க வந்த அறிவிப்பு ‘ஒன்றுமில்லை’ என்ற செய்தியாக மாறிவிடும்.

நிறப்பெயர்களை மொழிபெயர்ப்பதே இங்கு வீண் வேலை என்பது என் கருத்து. கடத்தப்பட்ட சிறாருக்கான ஆம்பர் அலர்ட் என்பதில் உள்ள ஆம்பர் முதலில் நிறமே அன்று. 1996-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் கடத்திக் கொல்லப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமியின் பெயர். முதியோருக்கான சில்வர் அலர்ட்டை ‘வெள்ளி எச்சரிக்கை’ ஆக்கினால் நம்மவர்கள் வெள்ளிக்கிழமைக்கு என்ன எச்சரிக்கை என்று கேட்பார்கள். டெக்சாஸில் காணாமற்போன படையினருக்கு ஏற்படுத்திய அறிவிப்புக்குப் படைச்சீருடையின் தோற்றத்தை ஒட்டிக் காமோ அலர்ட் என்று பெயரிட்டார்கள். அதை ‘உருமறைப்பு அறிவிப்பு’ என்று நாம் எழுதினால், ஒருவரைக் கண்டுபிடிக்கச் சொல்லும் அறிவிப்பின் தலையிலேயே மறைப்பு வந்து நிற்கும். நிறமும் சீருடையும் அந்நாட்டவரின் நினைவில் ஒட்டியிருக்கும் அடையாளங்கள். நம் சொல்லுக்கு அவை பொருளைக் கொடுப்பதில்லை. யாருக்கான அறிவிப்பு, எதற்கான அறிவிப்பு என்ற இரண்டையும் சொன்னால் போதும்.

‘எச்சரிக்கை’ என்பதை நான் கைவிடச் சொல்வதற்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. அமெரிக்காவில் புளூ அலர்ட் என்று மற்றொன்று இருக்கிறது. காவலரைத் தாக்கியவர் அல்லது கொன்றவர் தப்பியோடும்போது வெளியிடப்படுவது அது. 2015-இல் அதற்கு நாடளாவிய சட்டமும் வந்தது. அங்கே ‘எச்சரிக்கை’ முழுக்கப் பொருந்தும், ஏனெனில் அந்த ஆளிடமிருந்து மக்கள் விலகியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் ஓடுகிறது. தமிழில் ‘எச்சரிக்கை’ என்றதுமே, எதனிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்வது என்ற கேள்விதான் எழும். காணாமற்போன படைவீரரைப் பற்றி ‘எச்சரிக்கை’ என்று அறிவித்துவிட்டு, அவரைக் கண்டால் பரிவோடு உதவுங்கள் என்று கேட்டால் யார் கேட்பார்கள்? விஸ்கான்சினில் இந்த அறிவிப்புகள் செல்லும் வலையமைப்பின் பெயரிலேயே குற்றம் என்ற சொல் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெயரிலாவது இவர் குற்றவாளி இல்லை என்பது விளங்க வேண்டும்.

‘விழிப்பூட்டல்’ கைப்பேசிச் செயலிகளில் பழகிவிட்ட சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மின்னஞ்சல் வந்ததைச் சொல்லும் சிற்றொலிக்கும், ஓர் உயிருக்கான அழைப்புக்கும் ஒரே சொல் என்பது எனக்கு ஒப்பவில்லை. அதோடு, விழிப்புணர்வுப் பரப்புரை என்ற நினைப்பையும் அது கூடவே கொண்டுவருகிறது.

மூன்றாவதான ‘படைவீரர் தேடல் அறிவிப்பு’ இவற்றுள் நல்லது; முதலில் நானும் அதன் பக்கமே சாய்ந்தேன். ஆனால் இலங்கைத் தமிழ் வாசகரை மனத்தில் வைத்து அதைப் படித்துப் பாருங்கள். அங்கே படையும் தேடலும் அடுத்தடுத்து வந்தால், ஊரைச் சுற்றிவளைத்து வீடுவீடாக நுழைந்த தேடுதல்களே நினைவுக்கு வரும். படையினர் செய்யும் தேடல் என்றுதான் அந்தத் தொடரை அவர்கள் படிப்பார்கள். தமிழ்நாட்டிலோ ‘தேடப்படும் நபர்’ என்பது காவல் நிலையச் சுவரில் ஒட்டிய குற்றவாளியின் படத்தை நினைவூட்டுகிறது. கடல் இருபுறத்தும் இந்தச் சொல் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

அடுத்து, ஆளைக் குறிக்கும் பகுதி. ‘வெட்டரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மூத்த வீரர்’, ‘முதுவீரர்’ என்றெல்லாம் சிலர் எழுதுவது கண்டிப்பாகக் கூடாது. இருபத்தைந்து வயதில் படையை விட்டு வந்தவரும் இந்தச் சட்டத்தின்கீழ் வருவார். முதுமையைச் சொல்லிவிட்டால் மக்கள் நரைத்த தலையையே தேடுவார்கள். ‘போர்வீரர்’ என்றால் போர்க்களம் காணாதவர் விடுபடுவார். ‘இராணுவ வீரர்’ என்பது தரைப்படையை மட்டும் குறிப்பதாகப் பலர் கொள்வதால் கடற்படையினரும் வான்படையினரும் ஐயத்துக்குள்ளாவர். தமிழ்நாட்டு அரசு வழக்கில் ‘முன்னாள் படைவீரர்’ உறுதியாக நிலைத்திருக்கிறது. முன்னாள் படைவீரர் நலத்துறை என்றே துறையின் பெயர் இருக்கிறது. தனித்த பொதுச்சொல்லாக அதையே நாம் ஏற்க வேண்டும். ஆனால் விஸ்கான்சின் வரையறை பணியில் இருப்பவரையும் உள்ளடக்குவதால், இந்த அறிவிப்பின் பெயரில் ‘முன்னாள்’ வேண்டாம். ‘படைவீரர்’ மட்டும் இரண்டு வகையினரையும் தழுவும்.

அந்தச் சட்டம் இத்தகைய படைவீரருக்குத் தரும் ‘at risk’, அதாவது ‘இடரில் உள்ள’, என்ற அடைமொழியில் மிகுந்த கவனம் தேவை. மறுமொழி ஒன்றில் ‘காணாமற்போன ஆபத்தான படைவீரர்’ என்றொரு தொடர் வந்திருந்தது. எழுதியவர் கருதியது படைவீரருக்கு நேரக்கூடிய ஆபத்தை. தொடர் சொல்வதோ படைவீரரால் நேரும் ஆபத்தை. ஆபத்தான பாம்பு, ஆபத்தான வளைவு என்று வழங்கும் மொழியில் வேறு பொருள் கொள்ள வழியே இல்லை. துப்பாக்கி வைத்திருப்பவர் ஏராளமாக உள்ள ஒரு நாட்டில், மனநலம் குன்றிய படைவீரர் ஒருவரைப் பற்றி இப்படிச் செய்தி பரவினால் என்ன நேரலாம் என்பதை நான் விரிக்க விரும்பவில்லை. ‘ஆபத்துக்குள்ளான’ என்றால் பொருள் சரி. ஆயினும் விபத்து ஏற்கெனவே நடந்து முடிந்தது போல ஒலிக்கிறது. நோயும் சூழலும் சேர்ந்து உயிருக்கு அச்சம் தரும் நிலையைச் சொல்ல ‘இடர்நிலை’ என்பதைப் பெயர்ச்சொல்லாக வைத்து, ‘இடர்நிலையில் உள்ள’ என்று விரித்து எழுதுவதே பிழைக்கு இடம் கொடாதது.

‘காணாமற்போன’ என்பதிலும் ஒரு சிறு கவனம் வேண்டும். அமெரிக்காவில் கடந்த காலப் போர்களில் காணாமற்போய் இன்றும் கணக்கில் வராத படையினர் ஏறத்தாழ 81,000 பேர் இருக்கிறார்கள். ‘காணாமற்போன படைவீரர்’ என்று மட்டும் எழுதினால் அவர்களைப் பற்றிய செய்தியோடு இது கலந்துவிடும். இலங்கையில் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற தொடர் சுமக்கும் வரலாறு வேறு. அதன் அருகில் இதைக் கொண்டுபோய் நிறுத்துவதும் முறையாகாது. இவ்விரு காரணங்களாலும் அச்சொல் விளக்கத்தில் இருக்கலாம், பெயரில் வேண்டாம்.

என் பரிந்துரை ‘படைவீரர் காப்பறிவிப்பு’. காப்பு, அறிவிப்பு என்ற இரண்டும் எல்லாரும் அறிந்த சொற்கள். சேரும்போது புதியதொரு பொருளைத் தெளிவாகச் சொல்கின்றன. படைவீரர் காக்கிறாரா, காக்கப்படுகிறாரா என்று ஒருவர் கேட்கலாம். முதியோர் காப்பகம், குழந்தைகள் காப்பகம் என்பவற்றில் முன்னே நிற்பவர் காக்கப்படுபவரே என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை; அந்த வழக்கே இதற்கும் துணை. குடும்பமாகவும் இது விரியும்: ஆம்பர் அலர்ட் ‘சிறார் காப்பறிவிப்பு’ ஆகும், சில்வர் அலர்ட் ‘முதியோர் காப்பறிவிப்பு’ ஆகும். புளூ அலர்ட் மட்டும் ‘எச்சரிக்கை’யாகவே தனியே நிற்கும். ஆங்கிலத்தில் மங்கிப்போன வேறுபாடு தமிழில் வெளிப்படையாக நிற்பதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். விஸ்கான்சின் சட்டத்தைக் குறிப்பாகச் சொல்லும் இடங்களில் ‘கிரீன் அலர்ட்’ என்ற இயற்பெயரைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை கொடுத்துவிட்டு, அதன்பின் பொதுச்சொல்லைக் கையாளலாம்.

நீளமும் பொருட்டுதான். அமெரிக்கக் கைப்பேசிகளுக்கு 2012 முதல் வரும் அவசரச் செய்திகள் தொடக்கத்தில் 90 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டியிருந்தன. 2019-இல்தான் 360 ஆக உயர்ந்தது. நெடுஞ்சாலை மின்பலகையில் இடம் அதைவிடக் குறைவு. ஆளைப் பற்றிய விவரத்துக்கே இடம் போதாதபோது பெயர் இரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் தகுதி தெரியும். மில்வாக்கியில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இப்படி ஒரு செய்தி வருவதாகக் கொள்வோம்:

“காணவில்லை: படைவீரர் காப்பறிவிப்பு. ஆண், வயது 41, உயரம் ஆறடி, இடக் கன்னத்தில் தழும்பு. சாம்பல் நிற மேற்சட்டை, கறுப்புக் காற்சட்டை. நேற்று மாலை ஆறு மணிக்கு ஏரிக்கரைச் சாலையில் தனியாக நடந்து சென்றார். உதவி தேவைப்படும் நிலையில் இருக்கலாம். கண்டவர்கள் 911-க்கு அழைத்து இடத்தைச் சொல்லவும்.”

‘காணவில்லை’ என்ற தலைப்பை நான் வேண்டுமென்றே முன்னால் வைத்திருக்கிறேன். பேருந்து நிலையச் சுவரிலும் நாளிதழின் உட்பக்கத்திலும் அந்த ஒரு சொல்லையும் அதன்கீழ் ஒரு முகத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதைக் கண்டதும் படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டே கடக்கிறோம். வகையைச் சொல்லக் காப்பறிவிப்பு, கண்ணை நிறுத்தக் ‘காணவில்லை’ என இரண்டும் சேர்ந்தே வரட்டும். மேலுள்ள செய்தியில் நோயின் பெயர் இல்லாததையும் கவனியுங்கள். அவர் திரும்பி வந்தபின் அதே ஊரில், அதே அண்டை வீட்டாரோடு வாழ வேண்டியவர். அவருடைய மருத்துவக் குறிப்பை ஊரறியச் செய்யாமலே அவரைக் கண்டுபிடிக்க முடியும்.

அகராதிப் பதிவுக்கு நான் எழுதிப் பார்த்த விளக்கம் இது: “படைவீரர் காப்பறிவிப்பு: படைப்பணியோடு தொடர்புடைய உடல்நல அல்லது மனநலக் குறைவால் இடர்நிலையில் உள்ள, காணாமற்போன முன்னாள் அல்லது இந்நாள் படைவீரரை விரைந்து கண்டறியப் பொதுமக்களின் உதவியைக் கோரிக் காவல்துறை வெளியிடும் அவசர அறிவிப்பு.”

இதில் ‘இடர்நிலை’ குறித்து மட்டும் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. இலங்கையில் இடர் என்பது வெள்ளம், சூறாவளி போன்றவற்றோடு இறுகப் பிணைந்திருப்பதால், தனிமனிதரின் உயிர் அச்சத்துக்கு அங்கு எந்தச் சொல் இயல்பாக வரும் என்பதை யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பகுதி அன்பர்கள் எழுதினால் பதிவைத் திருத்தி அனுப்புகிறேன்.