புதுப்பிப்பு: சிகரெட்டை விடுவதற்கான துஆ

நோன்புக்கு முன்னர், சிகரெட் பழக்கத்தை விட மனவலிமை வேண்டி ஓதத்தக்க துஆ (இறைவேண்டல்) எது என்று இங்கு கேட்டிருந்தேன். பலரும் நபிமொழித் தொகுப்பான திர்மிதியில் பதிவாகியுள்ள "அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மின் முன்கராத்தில் அக்லாக்கி வல் அஃமாலி வல் அஹ்வா" என்பதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். தீய குணங்கள், தீய செயல்கள், தீய இச்சைகள் ஆகியவற்றிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் அச்சிறு துஆவையே சுபஹு (அதிகாலை), மஃரிபு (அந்தி) தொழுகைகளுக்குப் பின் ஓதி வருகிறேன்.

நோன்பின் பகல்கள் எளிதாகவே கழிந்தன. சோதனை நோன்பு திறக்கும் இஃப்தாருக்குப் பின்னரே வந்தது: கிண்ணியாவில் எங்கள் பள்ளிவாசலுக்கு எதிரே தேத்தண்ணீர்க் கடை, அதன் வாங்கில் பழைய கூட்டாளிகள், இஞ்சிப் பிளேன்டீயின் மணத்தோடு கலந்து வரும் புகை. மௌலவி துஆவோடு நிறுத்தாமல், மக்கள் தம்மிடமுள்ளதை மாற்றிக்கொள்ளாதவரை அல்லாஹ் அவர்களின் நிலையை மாற்றுவதில்லை என்னும் குர்ஆன் வசனத்தை (13:11) நினைவூட்டி, இரவுத் தொழுகையான தராவீஹ் முடியும்வரை பள்ளியிலேயே இருக்குமாறும், சிகரெட் இருந்த சட்டைப்பையில் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியை வைத்துக்கொள்ளுமாறும் கூறினார். கைக்கும் வாய்க்கும் ஒருசேர வேலை கொடுக்கும் அக்குச்சி (உம்மாவுக்கு அதில் பெரும் திருப்தி) நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே உதவியது. பெருநாளுக்குப் பின்னரும் சாப்பாட்டை அடுத்து ஆசை எழத்தான் செய்கிறது, ஆயினும் புகைக்கவில்லை.

அரபு தெரியாதவர் துஆவைத் தமிழில் கேட்கலாமா என்று ஒருவர் வினவியிருந்தார். தொழுகைக்கு வெளியே எம்மொழியிலும் கேட்கலாம். தொழுகைக்குள் கேட்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.