200 மில்லிவாட் பெர்த் வரை போகிறது, 4 வாட்டுக்கு பெங்களூரு பதில் சொல்ல மாட்டேன் என்கிறது

உறையூர் மெக்கானிக்:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி உறையூரில் டிவி, மிக்ஸி, அடாப்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 46 வயதில் மோர்ஸ் (புள்ளி, கோடு தட்டிச் செய்தி அனுப்பும் முறை) படித்து, நிமிடத்துக்கு 8 வார்த்தைத் தேர்வில் தேறி, ஹாம் ரேடியோவுக்கான (பொழுதுபோக்கு வானொலி) ஜெனரல் கிரேடு லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. படிக்கிற காலத்தில் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பேன். கடைக்கு வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அனுப்பவும் கேட்கவும் பயன்படும் செட், ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ், பழைய மாடல். போர்டாக வாங்கி, ஒரு செத்துப்போன ஸ்டெபிலைசர் பெட்டிக்குள் உட்கார வைத்தேன். யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. சிடபிள்யூவில், அதாவது மோர்ஸில், 4 வாட் வைத்துக்கொள்கிறேன். ஆன்டெனா, ஒரு முனையில் மட்டும் இணைக்கிற எண்ட் ஃபெட்: மாடிப்படி அறையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக் குழாய் வரை 20 மீட்டர் கம்பி, முனையில் 49:1 டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து கோஆக்ஸ் கேபிள் நேராக ஜன்னல் வழியாக அறைக்குள். எர்த் எதுவும் தனியாகக் கொடுக்கவில்லை.

இப்போது சிக்கல். இரண்டு மாதம் முன்பு ஆர்டுயினோ போர்டு, எஸ்ஐ5351 சிப், ஒரே ஒரு பிஎஸ்170 டிரான்சிஸ்டர் வைத்து 40 மீட்டர் அலைவரிசைக்கு விஸ்பர் டிரான்ஸ்மிட்டர் கட்டினேன். (விஸ்பர்: மிகக் குறைந்த பவரில் தானாக அனுப்பும், தூரத்து ரிசீவர்களில் கம்ப்யூட்டர் பிடித்து இணையத்தில் பதியும்.) 200 மில்லிவாட்தான். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் பார்த்தால் பெர்த்தில் கேட்டிருக்கிறது. மைனஸ் 24 டெசிபெல், அதாவது இரைச்சலுக்கும் கீழே. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல்! அந்தச் சந்தோஷத்தில் அதே ஆன்டெனாவில், அதைப்போல 20 மடங்கு பவரில், 7.030 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் தினமும் மாலை ஏழிலிருந்து ஒன்பது மணி வரை மோர்ஸில் சிக்யூ ('யாராவது இருக்கிறீர்களா' என்ற பொது அழைப்பு) கூப்பிடுகிறேன். ஆள் இல்லை. இரண்டு மாதத்தில் மொத்தம் மூன்று தொடர்பு, மூன்றும் ஞாயிறு காலை.

ஆன்டெனா கோளாறா? 50 வாட் ஆம்ப்ளிஃபையர் கட்டிவிடலாமா? கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் கம்பி ஓடுவதற்கே வீட்டில் முணுமுணுப்பு இருக்கிறது, இன்னொரு ஆன்டெனா என்று பேச்செடுக்க முடியாது.

ஐம்பது வாட்:

கட்டுங்க அண்ணே. 4 வாட்டில் முனகிக்கொண்டிருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

மொட்டைமாடி:

ஆம்ப் வேண்டாம் சார், கொஞ்சம் பொறுங்க. உங்கள் விஸ்பர் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

விஸ்பர் 2008இல் ஜோ டெய்லர் எழுதியது. பல்சர் ஆராய்ச்சிக்காக 1993இல் இயற்பியல் நோபல் வாங்கிய அதே மனிதர்தான். இரைச்சலுக்குள் புதைந்த சிக்னலைத் தோண்டி எடுப்பது அவருக்குத் தொழில். அழைப்புக்குறி, இடக்குறி, பவர், அவ்வளவுதான் தகவல். அதை ஏறக்குறைய 110 விநாடி இழுத்து, 6 ஹெர்ட்ஸ் அகலத்தில் அனுப்புகிறது. அதனால் மைனஸ் 28 டெசிபெல் வரை கம்ப்யூட்டர் பிடித்துவிடும். காதால் மோர்ஸ் கேட்க மைனஸ் 15 பக்கம் இருந்தால்தான் உண்டு. வித்தியாசம் 13 டெசிபெல், அதாவது 20 மடங்கு. உங்கள் 200 மில்லிவாட் விஸ்பரும் 4 வாட் மோர்ஸும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியென்றால் உங்கள் சிக்னல் போகிறது. ஆனால் பெர்த்தில் உங்களைக் கேட்ட ரிசீவர் அனேகமாக ஊருக்கு வெளியே அமைதியான இடத்தில் இருக்கும். நீங்கள் இருப்பது உறையூரில். யாராவது பதில் சொல்லியிருக்கலாம், உங்களுக்குக் கேட்டிருக்காது. மாலை ஏழு மணிக்கு எல்லார் வீட்டிலும் டிவி, எல்இடி பல்பு, சார்ஜர் எல்லாம் ஓடுகிறது. ஞாயிறு காலையில் மட்டும் தொடர்பு கிடைத்ததை யோசித்துப் பாருங்கள்.

செட் பேட்டரியில்தானே ஓடுகிறது? ஏழு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெயினை இறக்குங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள். அப்புறம் எம்சிபியை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள டிரிப் சுவிட்ச்) ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே கேளுங்கள்.

நாகர்கோவில்காரன்:

மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். எர்த் இல்லாத எண்ட் ஃபெட்டில் கோஆக்ஸின் வெளிச்சுற்றே ஆன்டெனாவின் மறுபாதி ஆகிவிடும். அது அறைக்குள் வருகிறது, வீட்டு வயரிங்கோடு ஒட்டி ஓடுகிறது, அங்கிருக்கிற குப்பையை எல்லாம் அள்ளிக்கொண்டு செட்டுக்குப் போகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே ஒரு நாலு மீட்டர் வயரைக் கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தொங்கவிட்டு, கோஆக்ஸ் ஜன்னலுக்குள் நுழையும் இடத்தில் 31 ரக ஃபெரைட் வளையத்தில் 12 சுற்றுச் சுற்றுங்கள்.

அப்புறம் ஒரு அனுபவம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு கரண்டை நிறுத்துவார்களே, ஊரே திட்டும் அந்த நாள் எனக்குத் திருவிழா. பேண்டு (அலைவரிசை) குளம் மாதிரி அமைதியாக இருக்கும். ஒரே தொல்லை, இரண்டு தெரு தள்ளி யாரோ ஒரு பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார். ஃபேன் போடும்போதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும்.

உறையூர் மெக்கானிக்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இந்த செட்டில் சிக்னல் அளவு காட்டும் எஸ் மீட்டர் இல்லை, சத்தத்தைத் தானாகச் சமன் செய்யும் ஏஜிசியும் இல்லை. அதையே வசதியாக்கிக்கொண்டு, ஸ்பீக்கருக்குக் குறுக்கே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தேன். வால்யூமைத் தொடவில்லை. மாலை 7.10க்கு 420 மில்லிவோல்ட். மெயினை இறக்கினேன். 65! (சீரியல் நடுவில் இறக்கிவிட்டேன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) 16 டெசிபெல். எதிர்ப்பக்கத்து 5 வாட் நண்பர் எனக்காக 200 வாட்டுக்கு ஏறியதற்குச் சமம்.

எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஃபேன், ஃபிரிட்ஜ், ஒன்றும் இல்லை. ஹால் பிளக் லைன் ஏற்றியதும் 400க்கு எகிறியது. ஹாலில் டிவி, மோடம், செட்டாப் பாக்ஸ். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். செட்டாப் பாக்ஸின் அடாப்டர்.

அந்த அடாப்டரைத் திறந்ததும் தலை குனிந்துவிட்டது. இரண்டு வருடம் முன்பு அதைச் சரி செய்தவன் நான்தான். உள்ளே வரும் வழியில் ஃபில்டர் காயில் கருகியிருந்தது, அந்த நேரத்தில் கையில் வேறு இல்லை, காயிலைக் கழற்றிவிட்டு இரண்டு துண்டு கம்பியால் ஜம்பர் போட்டு மூடியிருக்கிறேன். இரைச்சலை அடக்கும் எக்ஸ் கெபாசிட்டரையும் திரும்பப் போடவில்லை. பாக்ஸ் ஓடியது, படம் வந்தது, காசு மிச்சம் என்று நினைத்தேன். மலிவு அடாப்டர்கள் பலவற்றில் கம்பெனியே அந்த இடத்தைக் காலியாக விட்டு ஜம்பர்தான் போட்டு அனுப்புகிறது என்பது என் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அது காற்றில் என்ன செய்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

பழைய டிவி போர்டிலிருந்து ஒரு காயிலும் கெபாசிட்டரும் எடுத்துப் போட்டேன். 110க்கு இறங்கியது. நாகர்கோவில்காரர் சொன்ன தொங்கும் வயரும் ஃபெரைட்டும் சேர்ந்து 80. (வளையம் கிடைக்க அலைந்தேன், நாலு மீட்டர் வயர் கொடிக்கயிறு மாதிரியே இருப்பதால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.)

நேற்று இரவு 8.20க்கு பெங்களூரு. சிக்னல் எப்படிக் கேட்கிறது என்பதற்கான மதிப்பெண்ணாக அவர் எனக்கு 449 கொடுத்தார், நான் அவருக்கு 559. பேசி முடிக்க 15 நிமிடம், ஊர்ப் பெயரை மூன்று முறை அடித்தேன். அதே 4 வாட்தான், ஆம்ப் கட்டவில்லை.

மீதி 80இல் ஒரு பங்கு பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. அவர்கள் அடாப்டரையும் அதே வருடம் நான்தான் ரிப்பேர் செய்து கொடுத்தேன். "இலவசமா ஒரு சர்வீஸ் பண்ணித் தர்றேன்க்கா" என்று சொல்லி இன்று காலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஏன் இலவசம் என்று அந்த அக்கா இன்னும் சந்தேகமாகப் பார்க்கிறார். அதே வருடத்து ரிப்பேர் நோட்டைப் புரட்டினேன். எங்கள் தெருவில் மட்டும் இன்னும் ஒன்பது இருக்கிறது.