மறுமொழி: அளவுகோலில் கண்ணால் கணிக்கும் கடைசி இலக்கத்துக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

> 'ஐய இலக்கம்' என்றே வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் ஐயம் என்றதும் பிள்ளைகள் அதை எழுதாமலே விட்டுவிடுவார்கள். ஒரு ஏடிஎம் அட்டையை நீளவாட்டில் ஸ்கேலால் அளந்து பாருங்கள். விளிம்பு 8.5 செ.மீ. கோட்டைத் தாண்டியிருக்கும், 8.6-ஐத் தொட்டிருக்காது. நடுவில் கோடு கிடையாது. அந்த ஒரு மில்லிமீட்டரை மனதுக்குள் பத்தாகப் பிரித்து, பாதிக்குச் சற்று மேலே என்று 8.56 எழுதுகிறோம். இன்னொருவர் 8.55 என்பார், வேறொருவர் 8.57 என்பார். மூன்றையும் ஏற்கலாம். பன்னாட்டுத் தரப்படி அட்டையின் நீளம் 85.60 மி.மீ., அதாவது 8.56 செ.மீ. அந்தக் கடைசி 6-ஐ விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

> அப்படியானால் 'ஊக இலக்கம்'?

ஊகம் எங்கே வேண்டுமானாலும் போகும். இதற்கு இரண்டு பக்கமும் கோடு நிற்கிறது.

என் பரிந்துரை: கண்ணளவு இலக்கம். எப்படிக் கிடைத்தது என்பதைப் பெயரே சொல்லிவிடும். வெப்பமானிக்கும் பொருந்தும், 0.1 மி.லி. கோடுகள் போட்ட பியூரெட்டை (திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) 0.01 வரை படிக்கிறோமே, அதற்கும் பொருந்தும். விளிம்பு கச்சிதமாகக் கோட்டின் மேலேயே விழுந்தாலும் கண்ணளவு இலக்கம் உண்டு, அது 0. அதனால்தான் 7.3 என்று நிறுத்தாமல் 7.30 செ.மீ. என்று எழுத வேண்டியிருக்கிறது. ('குத்துமதிப்பு இலக்கம்' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். ரசித்தேன், பாடநூலில் ஏறாது!)

> டிஜிட்டல் வெர்னியரில் கண்ணுக்கு வேலையே இல்லையே?

சரிதான். அங்கே கடைசி இலக்கத்தைக் கருவியே தருகிறது. கோடு போட்ட கருவிகளோடு இந்தப் பெயரை நிறுத்திக்கொள்வோம்.

> இடமாறு தோற்றப் பிழையோடு குழப்பிக்கொள்ள மாட்டார்களா?

இரண்டிலும் கண் வருவதால் முதலில் குழம்பலாம். ஆனால் அந்தப் பிழை சாய்வாகப் பார்ப்பதால் வருவது. கண்ணைக் கோட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்தால் போய்விடும். தடித்த பிளாஸ்டிக் ஸ்கேல் என்றால், விளிம்பில் நிமிர்த்திக் கோடுகள் பொருளைத் தொடும்படி வைத்தாலும் போகும். கண்ணளவு இலக்கம் பிழையே இல்லை. எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் அது இருக்கும்.

'மீச்சிற்றளவு' (கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு), 'சுழிப்பிழை' (சுழியைக் காட்ட வேண்டிய இடத்தில் கருவி வேறு அளவைக் காட்டுவது) இரண்டும் பாடநூலில் நிலைத்துவிட்டவை, அவற்றைத் தொட வேண்டாம். அப்புறம் ஒரு சிக்கல்: அளவீட்டில் பொருளுள்ள இலக்கங்களுக்குப் பாடநூலில் 'முக்கிய எண்ணுருக்கள்' என்று இருப்பதால் 'கண்ணளவு எண்ணுரு' என்று சொல்வதா? எனக்கு 'இலக்கம்'தான் நாக்கில் எளிதாக வருகிறது. வகுப்பெடுப்பவர்கள் சொல்லுங்கள்.