இரு கைகளிலும் பிபி பார்க்கத் தயங்க வேண்டிய நோயாளியை எப்படிப் பரிசோதிப்பது?

கேள்வி (இல்லச் செவிலியர், மதுரை)

வணக்கம். நான் வீட்டுக்குச் சென்று கவனிக்கும் 68 வயது அம்மா ஒருவருக்கு வலது மார்பகத்தோடு அக்குள் நிணநீர் முடிச்சுகளும் அகற்றப்பட்டுள்ளன. இடது முன்கையில் டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையில் இணைத்த இடம்) இருக்கிறது. மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுகிறது, காதும் சற்று மந்தம். பயிற்சியில் கற்ற வரிசை இவருக்குச் சிறிதும் பொருந்தவில்லை. பிபியை எங்கே பார்ப்பது, பரிசோதனையை எங்கிருந்து தொடங்குவது?

பதில் (டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்)

ஃபிஸ்டுலா உள்ள கையில் பிபி பட்டையைச் சுற்றவே கூடாது. ஊசி போடுவதும் இரத்தம் எடுப்பதும் அங்கே வேண்டாம். பட்டை இறுகி ஓட்டம் தடைப்பட்டால் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளக்கூடும். ஆனால் அந்தக் கையைத் தொடாமல் விட்டுவிடாதீர்கள். ஃபிஸ்டுலாவின் மேல் விரல்களை மெதுவாக வைத்தால் இடைவிடாத அதிர்வு தெரியும். ஸ்டெதாஸ்கோப்பில் 'உஷ்' என்ற ஓசை துடிப்புக்கேற்ப ஏறி இறங்கும். நேற்று இருந்த அதிர்வு இன்று இல்லையென்றால், அடுத்த டயாலிசிஸ் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

பதில் (பொதுநல மருத்துவர்)

நிணநீர் முடிச்சு எடுத்த கையில் ஒருபோதும் பிபி பார்க்கக் கூடாது என்ற பழைய கண்டிப்பு இப்போது தளர்ந்திருக்கிறது. வீக்கம் இல்லாத கையில் அவ்வப்போது பார்ப்பதால் வீக்கம் உண்டாகும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. எனவே வீக்கம் இல்லையெனில், அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வலது கையிலேயே பார்ப்பதுதான் இவருக்கு நல்லது என்பேன். தொடையிலும் பார்க்கலாம், ஆனால் அதற்கு அகலமான பட்டை வேண்டும், சிஸ்டாலிக் அளவும் (பிபியின் மேல் எண்) பெரும்பாலும் கையைவிடக் கூடுதலாகவே காட்டும். அதோடு, இவரால் படுக்க முடியாது என்பதால் உட்கார்ந்தே பார்க்க வேண்டும்; அப்போது தொடை இதயத்தைவிடத் தாழ்ந்திருக்கும். பட்டை இதயத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்தாலே ஏறத்தாழ 7 முதல் 8 மி.மீ. அதிகமாகக் காட்டும். காலில் பார்த்தால், எந்த நிலையில் பார்த்தீர்கள் என்பதையும் அட்டையில் எழுதுங்கள்.

பதில் (முதியோர் நலச் செவிலியர்)

உட்கார்ந்த நிலையில் செய்யக்கூடியவற்றை முதலில் முடித்துவிடுங்கள். முதுகுப் பக்கம் நுரையீரலைக் கேட்பது, கழுத்து, கைகள், பாத வீக்கம் எல்லாம் அப்போதே ஆகிவிடும். பிறகு தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்து வயிற்றைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் உடனே நிமிர்த்திவிடுங்கள். அவர் உங்கள் உதடுகளைப் பார்க்கும்படி வெளிச்சத்தில் எதிரே அமர்ந்து, தொடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் சொல்லுங்கள்; கேட்காத காதோடு இருப்பவரைப் பின்னாலிருந்து தொட்டால் பதறிப்போவார். டயாலிசிஸ் முடிந்த நாளில் எழுந்து நிற்கச் சொல்வதானால் பக்கத்திலேயே நில்லுங்கள். நின்ற 1, 3 நிமிடங்களில் பிபி பாருங்கள். சிஸ்டாலிக் 20 அல்லது டயஸ்டாலிக் (கீழ் எண்) 10 இறங்கினால், தலைசுற்றல் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.