ஹைக்கூவில் ஐந்து-ஏழு-ஐந்தை எப்படி எண்ணுவது?

கல்லடி டீச்சர்:
எங்கள் பாடசாலையில் தரம் 10, 11 பிள்ளைகள் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை கொண்டுவருகிறார்கள், அதில் ஹைக்கூவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஜப்பானிலிருந்து வந்த இந்த மூன்று வரிக் கவிதைக்கு வரிவரியாக எழுத்துக் கணக்கு 5-7-5 என்று சொல்லிக் கொடுத்தேன். உடனே கேள்வி வந்தது, மெய்யெழுத்தையும் எண்ணுவதா? மெய்யை விட்டு எண்ணி ஒரு பிள்ளை எழுதியது இது:

வாவியில் நிலா
மிகவும் அமைதியாய்
தோணி போகுது

கணக்குச் சரி, ஆனால் வாசித்தால் சப்பென்று இருக்கிறது. கணக்கைப் பிடிப்பதா விடுவதா? எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

புளியந்தீவான்:
டீச்சர், மெய்யை விட்டு எண்ணுவது நமக்குப் புதிதல்ல. கட்டளைக் கலித்துறை என்ற நம் பழைய செய்யுள் வகையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17, அங்கேயும் ஒற்று கணக்கில் வராது. எண்ணத்தான் வேண்டும் என்றால் அப்படியே எண்ணுங்கள். ஆனால் ஜப்பானியர் எண்ணுவது ஒலிக்கும் நேரத்தை, கிட்டத்தட்ட நம் மாத்திரை மாதிரி. நெடிலுக்கு இரண்டு, சொல்லின் கடைசியில் வரும் 'ன்' கூட முழுசாக ஒன்று. டோக்கியோ நமக்கு மூன்று, அவர்களுக்கு நான்கு. அதனால் அவர்களுடைய 17 நம்முடைய 17-ஐ விடச் சின்னது. அதே எண்ணை நாம் வைத்தால் இடம் மிஞ்சும், மிஞ்சிய இடத்தில் 'மிகவும் அமைதியாய்' வந்து உட்காரும்.

அக்கரைப்பற்று வாசகி:
எண்ணிக்கையை விட வெட்டு, அதாவது இரண்டு காட்சிகளுக்கு நடுவில் வரும் நிறுத்தம்தான் பெரிது என்பேன். ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோவின் தவளைக் கவிதையில் பழைய குளம் என்றதும் ஒரு நிறுத்தம், அதற்குப் பிறகுதான் தவளை குதிக்கிறது, தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அமைதி என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளையின் மூன்று வரியும் ஒரே வசனமாக ஓடுகிறது, சப்பென்று இருப்பது அதனால்தான். முதல் வரி நல்ல வரி, அதை வைத்துக்கொண்டு இப்படிப் பார்க்கலாம்:

வாவியில் நிலா.
வலை இழுப்பவரின் முழங்கைவரை
சேறு.

கணக்கு உடைந்துவிட்டது, எனக்கு அதில் கவலை இல்லை.

தம்பிலுவில் தம்பி:
ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் வருவது மரபு, அதை ஒருவரும் சொல்லவில்லையே! 1916-இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதி நூறு வருடம் தாண்டிவிட்டது, இன்னும் பனியும் செர்ரிப் பூவும் வைத்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் மனம் நோகிறது, நம் பிள்ளைகள் அதையெல்லாம் கண்ணால் கண்டதே இல்லை. கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிக் குளிர்த்தி, கச்சான் காற்று, பெரும்போக வெட்டு, மாரி வெள்ளம் கடலுக்கு வடிய மணலை வெட்டி ஆற்றுவாய் திறக்கும் 'ஆற்றுவாய் வெட்டு', இவற்றில் ஒன்றைச் சொன்னாலே எந்த மாதம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் எழுதியது ஒன்று, கணக்கும் பொருந்தி வந்தது:

ஆற்றுவாய் வெட்டு
வீட்டுச் சுவரில் மட்டும்
வெள்ளத்தின் கோடு

பிள்ளைகளை வைத்து ஊர்ப் பருவச் சொற்களின் பட்டியல் ஒன்று போடுங்கள் டீச்சர். வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரைப் பிள்ளைகள் இருந்தால் அவர்களை முதலில் கேளுங்கள், வயல் பற்றி அவர்களுக்குத்தான் கூடத் தெரியும்.

கல்லடி டீச்சர்:
மூவருக்கும் நன்றி, பட்டியலை நாளைக்கே தொடங்குகிறேன். பருவமே இல்லாமல் பஸ் கண்டக்டர், டியூஷன் மாஸ்டர் என்று ஆட்களைப் பற்றி எழுதியவையும் நிறையக் கிடக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

புளியந்தீவான்:
அவை சென்ரியு. அதே மூன்று வரி, பருவம் தேவையில்லை, மனுசரின் குணம்தான் விஷயம். அவற்றுக்குத் தனிப் பக்கம் கொடுங்கள், சஞ்சிகையில் பிள்ளைகள் முதலில் தேடி வாசிப்பது அதைத்தான்.